வீட்டுக்கு பைக் லிஃப்ட் வாங்கலாமா, வேணாமா?

நங்கநல்லூர் புல்லட்
மார்ச் 2, இரவு 10.40

வணக்கம் மக்களே. ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் போறவன், இன்னைக்கு ஒரு கேள்வியோட வந்திருக்கேன்.

வண்டி ரெண்டு. 2017 கிளாசிக் 350 என்னுது, டியூக் 390 பையனோடது. ஆயில், செயின், பிரேக் பேட், கேபிள் எல்லாம் வீட்டுலயே நான்தான் பார்க்கிறேன். ஒரு தடவை சர்வீஸுக்கு விட்டேன். செயினுக்கு லூப் (எண்ணெய் ஸ்ப்ரே) அடிச்சதா பில்லுல இருந்தது, செயின்ல நான் விட்ட மண்ணு அப்படியே இருந்தது. அதோட சரி.

வயசு 46. போன மாசம் செயின் கிளீன் பண்ண ஒன்றரை மணி நேரம் குத்த வெச்சு உட்கார்ந்தேன். முடிச்சிட்டு எழுந்தா முட்டி வரல. வீட்டுக்காரம்மா வந்து கை கொடுத்து தூக்கி விட்டாங்க. அன்னைக்கு ராத்திரியே லிஃப்ட் வீடியோ பார்க்க ஆரம்பிச்சவன்தான், இன்னும் நிறுத்தல.

அம்பத்தூர் பக்கம் விசாரிச்சேன். நம்ம மெக்கானிக் கடையில இருக்கிற ராம்ப்தான், கால் பம்ப் வெச்ச ஹைட்ராலிக். மேடை 7 அடி நீளம், 2 அடி அகலம். 450 கிலோ தாங்கும்னாங்க. இறக்கினா தரையிலிருந்து 7 இஞ்ச், ஏத்தினா ரெண்டரை அடி. விலை ரூ.46,000, அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆக மொத்தம் ரூ.54,280. டெம்போ வாடகை தனி.

போர்டிகோ 16க்கு 10 அடி. அதுலதான் காரும் நிக்குது. வெச்சிருக்கிறவங்க யாராவது உண்மையைச் சொல்லுங்க.

டியூக் தம்பி
மார்ச் 2, இரவு 11.05

அங்கிள், 54,000ல ஒரு பழைய ஸ்ப்ளெண்டர் வாங்கலாம் 😀

டியூக்ல மெயின் ஸ்டாண்ட் கிடையாது, அதுக்கு ஒரு பேடாக் ஸ்டாண்ட் போதும். சுவிங் ஆர்ம்ல (பின் வீலைப் பிடிச்சிருக்கிற கை) ரெண்டு பக்கமும் ஸ்பூல்னு ஒரு சின்ன உருளை மாட்டி ஸ்டாண்டை அமுக்கினா பின் வீல் மேல வந்துடும். கிளாசிக்ல மெயின் ஸ்டாண்டே இருக்கு. செயின் சுத்தறதுக்கு வீல் தரையை விட்டு எழும்பினா சரி, வேற என்ன வேணும்? லிஃப்ட் எல்லாம் வீடியோ போடறவங்களுக்கு.

நங்கநல்லூர் புல்லட்
மார்ச் 2, இரவு 11.20

தம்பி, ஸ்டாண்ட் போட்டா வண்டி எழும்புது, நான் எழும்பலையே. அதுதான்பா பிரச்சினை.

அயனாவரம் பட்டறை
மார்ச் 3, காலை 6.50

சார், டூ வீலர் கடை வெச்சு 19 வருஷம் ஆச்சு. கடையில ராம்ப் ரெண்டு இருக்கு. லிஃப்ட் வித்தா எனக்கு கமிஷன் வராது, வாங்காம விட்டா உங்க வண்டியும் எங்கிட்ட வரப்போறதில்ல. அதனால தைரியமா சொல்றேன்.

ராம்ப் வண்டியைத் தூக்கும், வீலைத் தூக்காது. வாங்கறவங்க முக்கால்வாசி பேர் இதைத்தான் மறந்துடறாங்க. மேடை மேல வண்டி ஏறி நின்னாலும் ரெண்டு வீலும் மேடையிலதான் இருக்கும். பின் வீல் கழட்டணும்னா மேடை மேலயே மெயின் ஸ்டாண்ட் போடணும். மேடையோட பின்பக்கத் தகடு கழட்டற மாதிரி இருந்தா வீல் கீழ வழியா வரும், இல்லாட்டி மட்கார்டுல இடிக்கும். முன் வீல் கழட்டணும்னா எஞ்சினுக்குக் கீழ தனியா ஜாக் வேணும். ஃபோர்க் (முன் வீலைப் பிடிக்கிற ரெண்டு கால்) ஆயில் மாத்தணும், கோன் செட் (ஹேண்டில் திரும்பற பேரிங்) பார்க்கணும்னாலும் அதே கதை. 54,000 கொடுத்த பிறகும் தனியா ஒரு ஜாக் வாங்குவீங்க.

அடுத்தது, முன் வீலைப் பிடிக்கிற வைஸ். அதை மட்டும் நம்பக் கூடாது. ஹேண்டில்ல ரெண்டு பக்கமும் ரேச்சட் பெல்ட் போட்டு, ஃபோர்க் கொஞ்சம் அமுங்கற வரைக்கும் இழுத்துக் கட்டணும். கழட்டற வேலைன்னா பின்னாடியும் ரெண்டு. சைடு ஸ்டாண்ட்ல விட்டு மேல ஏத்தற வேலையே வேணாம். கடைக்கு வந்த புதுசுல ஒரு பையன் ஆக்ஸில் நட்டு லூஸ் பண்ணேன்னு முழு பலத்தையும் போட்டு இழுத்தான். வண்டி அவன் மேலயே சாய்ஞ்சது. பின்னாடி சுவர் இருந்ததால பிழைச்சான், டேங்க்தான் போச்சு. அந்த வண்டிக்காரர்கிட்ட நான் பேசின பேச்சு இன்னும் ஞாபகம் இருக்கு.

ஏத்தின உடனே பூட்டுக் கம்பியைச் சொருகிடுங்க. எண்ணெயை நம்பி அடியில கை விடாதீங்க. அதைக் கசியாம பிடிக்கிற ரப்பர் சீல் எப்போ போகும்னு எண்ணெய் சொல்லிட்டு இறங்காது.

எங்க கடையில ராம்ப் எதுக்குன்னா, ஒரு நாளைக்கு எட்டு பத்து வண்டி. பையன் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் குனிஞ்சா முப்பது வயசுலயே முதுகு போயிடும். நீங்க வருஷத்துக்கு எத்தனை தடவை வண்டியைத் திறக்கறீங்க? முதல்ல அதை எண்ணிப் பாருங்க.

முகப்பேர் முக்காலி
மார்ச் 3, காலை 8.15

எனக்கு 63 வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் அசெம்பிளி ஷாப்பில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வேலை செய்யும் உயரம் என்பது எனக்குப் பழைய பாடம், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டரை அடி என்பது நின்று வேலை செய்பவருக்கான உயரம். நாற்காலியில் உட்கார்ந்து தைப்பவர் மேசையும், நின்று இஸ்திரி போடுபவர் மேசையும் ஒரே உயரமாக இருக்குமா? வண்டியிலும் அப்படித்தான். உங்கள் கிளாசிக்கில் பின் ஆக்ஸில், அதாவது பின் சக்கரத்தின் அச்சு, தரையிலிருந்து ஓர் அடிக்குச் சற்று மேல். செயின் அந்த மட்டத்தில். எஞ்சின் ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட் அதற்கும் கீழே. மேடையை முழுக்க ஏற்றினால் செயின் மூன்றரை அடியில் வரும், நின்றுகொண்டு செய்ய ரொம்பச் சௌகரியம். ஆனால் வண்டியின் மொத்த உயரமே மூன்றரை அடிக்கு மேல், இல்லையா? அதோடு இரண்டரை அடியைக் கூட்டுங்கள். ஹேண்டில் ஆறு அடியில் நிற்கும். கிளட்ச் கேபிளுக்கு எண்ணெய் விட ஸ்டூல் போட்டு ஏறுவீர்களா? ஒவ்வொரு வேலைக்கும் ஏற்றி இறக்கி, பூட்டு எடுத்துப் பூட்டு போட்டு, அரை மணி நேரம் அதிலேயே போய்விடும்.

நான் செய்வது இதுதான். ஒன்பது இஞ்ச் உயரத்தில் ஒரு முக்காலி, அடியில் நான்கு சின்னச் சக்கரம், உட்காரும் இடத்தில் பழைய ஸ்கூட்டர் சீட்டின் ஸ்பாஞ்ச். குத்த வைத்து உட்காரும்போது முட்டி முழுக்க மடங்குகிறது, வலியே அங்கேதான். ஒன்பது இஞ்ச் உயர்ந்தாலே பாதி வலி போய்விடும். வண்டியும் ஒரு 15, 16 இஞ்ச் உயர்ந்தால், சாதாரண ஸ்டூலில் உட்கார்ந்தபடி செயின் நெஞ்சு உயரத்தில் வரும். அதற்கு ஹைட்ராலிக் எதற்கு?

டியூக் தம்பி
மார்ச் 3, காலை 9.02

முக்காலி சார் மாஸ் 🙏

வேளச்சேரி ரெண்டு தடவை
மார்ச் 3, மதியம் 1.30

லிஃப்ட் வெச்சிருந்தவன் பேசறேன். வெச்சிருந்தவன்.

2022ல வாங்கினேன், நீங்க சொல்ற அதே சைஸ். வேளச்சேரியில தரைத்தளம், பின்பக்கம் ஷெட். 2015ல ஒரு பல்சரைத் தண்ணிக்குக் கொடுத்தவன் நான். அதனால 2023 டிசம்பர் 3 ராத்திரி, மிக்ஜாம் மழை பிடிச்ச உடனே வண்டியை லிஃப்ட்ல ஏத்தி முழு உயரத்துக்குத் தூக்கி, பூட்டு போட்டு, பெல்ட் கட்டிட்டு மாடிக்குப் போயிட்டேன். ஊரே கார்களை மேம்பாலத்துல நிறுத்தறப்போ எனக்கு ஒரே பெருமை.

4ஆம் தேதி ஷெட்டுல இடுப்பளவு தண்ணி. வண்டிக்கு டயர் மட்டும்தான் நனைஞ்சது. ஆனா லிஃப்ட் நாலு நாள் சாக்கடைத் தண்ணியிலயே நின்னது. சிலிண்டர் தண்டுல பளபளன்னு இருக்கும் பாருங்க, அந்தக் குரோம் புள்ளி புள்ளியா அரிச்சுடுச்சு. அந்தப் புள்ளி ஒவ்வொரு தடவை மேல கீழ போறப்பவும் சீலைச் சுரண்டும். ரெண்டு தடவை சீல் மாத்தினேன், நிக்கல. எண்ணெய் கம்மியானப்போ யாரோ பிரேக் ஆயில் ஊத்தலாம்னு சொன்னாங்க, அதையும் செஞ்சு தொலைச்சேன். பிரேக் ஆயில் பட்டா ஜாக்கோட ரப்பர் சீல் ஊதிப் போயிடும், ஹைட்ராலிக் ஆயில்தான் ஊத்தணும்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. கடைசியில எடைக்குப் போட்டேன்.

வண்டியைக் காப்பாத்தினதால கணக்கு நேராயிடுச்சுன்னு மனைவிகிட்ட சொல்லியிருக்கேன். அவங்க நம்பல.

நங்கநல்லூர் உங்க தெருவுல தண்ணி நிக்குமா?

நங்கநல்லூர் புல்லட்
மார்ச் 3, இரவு 9.10

எங்க தெரு மேடு, போர்டிகோ அதுக்கும் ரெண்டு அடி மேல. தண்ணி வராது. ஆனா அந்த ரெண்டு அடிக்கு கேட்டுல சரிவு இருக்கே, வண்டியை அதுல ஏத்தி, திரும்ப லிஃப்ட்ல ஏத்தணும்.

பட்டறை அண்ணே கேட்ட கணக்கை உட்கார்ந்து எழுதினேன். செயின் ரெண்டு வண்டிக்கும் மாசம் ஒரு தடவை, ஆயில் வருஷத்துக்கு ரெண்டு வண்டியும் சேர்த்து நாலு, பிரேக் பேட் ஒண்ணு ரெண்டு, அப்புறம் ஏதாவது கேபிள், பல்ப். மொத்தம் வருஷத்துக்கு 30 தடவை. அதுல 24 வெறும் செயின். கொஞ்சம் வெக்கமாத்தான் இருக்கு.

பெரம்பூர் ஆர்எக்ஸ்
மார்ச் 4, காலை 11.25

எல்லாரும் வேணாம்னே சொல்றீங்க, நான் மாத்திச் சொல்றேன்.

ஆர்எக்ஸ் 100 ஒண்ணு, அப்பாவோடது. அபார்ட்மெண்ட் ஸ்டில்ட் பார்க்கிங்ல வெச்சே முழுசா பிரிச்சு சேர்த்தேன். 14 மாசம். அதுக்காக மூடின ஒரு மெக்கானிக் கடையிலிருந்து பழைய ராம்ப் ரூ.17,000க்கு எடுத்தேன். அசோசியேஷன்ல நடந்த சண்டையைத் தனி இழையாத்தான் போடணும். ஒரு மாமா ராம்ப் சுத்தி சாக்பீஸ்ல கோடே போட்டாரு, இதைத் தாண்டி ஒரு போல்ட் வரக் கூடாதுன்னு.

தரையில வெச்சுப் பார்க்கிறப்போ நமக்குத் தெரியறது வண்டியோட மேல் பக்கமும் ஒரு சைடும்தான். மீதியை டார்ச் அடிச்சு, தலையைச் சாய்ச்சு, பத்து செகண்ட் பார்த்துட்டு சரியாத்தான் இருக்குன்னு எழுந்துடுவோம். சுவிங் ஆர்ம் ஃபிரேம்ல மாட்டற பிவட்கிட்ட வெல்டிங்ல முடி மாதிரி ஒரு விரிசல் இருந்தது. வருஷக் கணக்கா அந்த வண்டியைத் துடைக்கிறேன், ஒரு நாளும் பார்த்ததில்ல. மேடையில ஏத்தி, கண்ணு மட்டத்துல கொண்டு வந்து, மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சப்போ அந்தக் கோடு மட்டும் ஈரம் காயாம நின்னுச்சு. அப்படித்தான் கண்டுபிடிச்சேன். அதனால லிஃப்ட்டை உட்கார்ந்து எழுந்திருக்கிற சௌகரியம்னு மட்டும் கணக்குப் போடாதீங்க.

அதே சமயம், வண்டி முடிஞ்ச அடுத்த மாசமே ராம்பை வித்துட்டேன். ரூ.15,000 வந்தது. 14 மாசத்துக்கு 2,000 ரூபா வாடகைன்னு நினைச்சுக்கிட்டேன். முழுசா பிரிக்கிற வேலை இருந்தா வாங்குங்க, அதுவும் பழசா வாங்குங்க, முடிஞ்சா வித்துடுங்க. செயினுக்கு எல்லாம் நானும் வாங்க மாட்டேன்.

பழசு பார்க்கப் போனா: வண்டியோட மேல ஏத்தி, பூட்டு போடாம, உயரத்தைச் சுவர்ல பென்சில்ல குறிச்சிட்டு ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. முடிஞ்சா ஒரு ராத்திரி விடச் சொல்லுங்க. இறங்கியிருந்தா சீல் போயிருக்கு. தண்டுல விரலால தடவினா சொரசொரப்பு இருக்கக் கூடாது, வேளச்சேரி சார் சொன்ன அதே புள்ளிதான். கத்திரி மாதிரி குறுக்கே போற காலோட பின்களை ஆட்டிப் பாருங்க. மேடை மேல நின்னு இடுப்பை ஆட்டினா மேடையும் கூட ஆடுச்சுன்னா விட்டுட்டு வந்துடுங்க.

டியூக் தம்பி
மார்ச் 4, மதியம் 12.10

அக்கா அந்த விரிசல் மேட்டர் செம. சரி, இதுக்கு நடுவுல ஒண்ணு: அங்கிள் போர்டிகோ பீம்ல ஒரு கொக்கி போட்டு செயின் பிளாக் (சங்கிலி இழுத்து பாரம் தூக்கற கப்பி) மாட்டி வண்டியைத் தொங்க விட்டா? ரூ.5,000தான் ஆகும்.

அயனாவரம் பட்டறை
மார்ச் 4, மதியம் 12.30

வேணாம் தம்பி. போர்டிகோ கூரை வெளிய நீட்டிக்கிட்டு நிக்கிறது, தன் பாரத்தையும் மழைத்தண்ணியையும் தாங்கத்தான் போட்டிருப்பாங்க. 195 கிலோவை ஒரே கொக்கியில தொங்க விட்டு, அதுல ஸ்பேனர் போட்டு உலுக்கறதுக்கு இல்ல. ஃபேன் கொக்கியில மாட்டினவனையும் பார்த்திருக்கேன். அந்தக் கதை வேணாம்.

நடுவுல வைக்கிற சின்ன ஜாக்கும் கேட்பீங்க, முன்கூட்டியே சொல்லிடறேன். எஞ்சினுக்கு அடியில ரெண்டு ஃபிரேம் கம்பி ஓடற வண்டிக்கு அது அருமை. சார் வண்டி 2017 கிளாசிக், அடியில கம்பி கிடையாது, எஞ்சினே ஃபிரேமுக்குப் பாலம். ஜாக் நேரா கிராங்க் கேஸ்ல, அதாவது எஞ்சினோட அடிக்கூட்டுல உட்காரும். அகலமா மரக்கட்டை வெச்சுதான் தூக்கணும், அதுவும் வீல் எழும்பற அளவுக்கு மட்டும். பழைய 200 டியூக்ல சைலன்சரே வயித்துக்கு அடியில இருக்கும், அங்க ஜாக் வெச்சா அதுதான் நசுங்கும்.

அம்பத்தூர் வெல்டிங்
மார்ச் 4, இரவு 8.45

முக்காலி சார் சொன்ன உயரத்துக்கு இரும்புல மேடை போட்டுத் தரலாம். மூணு பேருக்குப் போட்டிருக்கேன். ஹைட்ராலிக் இல்ல, எதுவும் அசையாது, சீல் போகாது.

அளவு 7 அடிக்கு 2 அடி, உயரம் 15 இஞ்ச். சட்டம் 40க்கு 40 ஆங்கிள், 5 எம்எம். மேல 3 எம்எம் செக்கர் பிளேட் (வழுக்காம இருக்க புடைப்பு வெச்ச தகடு). தகடு மட்டும் 32 கிலோ வரும். கால் ஆறு, மடக்கற மாதிரி, ஒவ்வொண்ணுக்கும் பூட்டு பின். முன்னாடி வீல் உட்கார ஒரு வளைவு, பக்கத்துல பெல்ட் மாட்ட நாலு வளையம். மொத்தம் 60, 65 கிலோ. ரெண்டு பேர் பிடிச்சு சுவர் ஓரமா சாய்ச்சு வெச்சா கார் நிக்கும்.

ஏத்தறதுக்கு 7 அடி சாய்வுப் பலகை. 15 இஞ்சை 7 அடியில ஏறினா சரிவு 10 டிகிரிதான். 195 கிலோ வண்டிக்கு 35 கிலோ தள்ளு வேணும். கடை ராம்ப் 7 இஞ்ச்தானே, சுலபமா ஏறும்னு தோணும். ஆனா அதோட சாய்வுத் தகடு ரெண்டரை அடிதான் இருக்கும், சரிவு அதிகம், ஏறும்போது 45 கிலோ தள்ளணும். குட்டை ராம்ப் சுலபம்னு நினைச்சு ஏமாறாதீங்க.

கூலி, இரும்பு, பெயிண்ட் சேர்த்து ரூ.13,500.

அயனாவரம் பட்டறை
மார்ச் 4, இரவு 9.05

நல்ல கணக்கு. ஆனா தனியா ஏத்தாதீங்க. ஒருத்தர் ஹேண்டில், ஒருத்தர் பின்னாடி. பலகையோட தலைப்பு மேடையில கொக்கி போட்டு மாட்டியிருக்கணும், சும்மா சாத்தி வெச்சா பின் வீல் ஏறும்போது பலகை வழுக்கும். ஏறும்போது நம்ம கால் எங்க நிக்கும்னு யாரும் யோசிக்கிறதில்ல: மேடை 2 அடி அகலம், வண்டி நடுவுல, நாம கீழ. கை மட்டும் மேல போயிட்டே இருக்கும். பக்கத்துல ஒரு படிக்கட்டு மாதிரி மரப்பெட்டி போடுங்க.

போர்டிகோவுல டைல்ஸா, கிரானைட்டா? கால் அடியில ரப்பர் போடச் சொல்லுங்க. டைல்ஸ் அடியில வெத்திடம் இருந்தா கால் நிக்கிற இடத்துல விரிசல் விடும். நாணயத்தால தட்டிப் பாருங்க, பொக்குன்னு சத்தம் வந்தா அந்த இடம் வேணாம்.

முகப்பேர் முக்காலி
மார்ச் 5, காலை 7.30

15 இஞ்சுக்குப் பதில் 16 கேட்டுக்கொள்ளுங்கள். அல்லது முதலில் உங்கள் ஸ்டூலில் உட்கார்ந்து, முழங்கையை மடக்கி, தரையிலிருந்து முழங்கை வரை அளந்து பாருங்கள். செயின் அதற்கு ஓரிரு இஞ்ச் மேலே வர வேண்டும். என் உயரத்துக்கு 16. உங்களுக்கு எவ்வளவோ.

நங்கநல்லூர் புல்லட்
மார்ச் 5, இரவு 10.15

அளந்தேன், வீட்டுக்காரம்மா டேப் பிடிச்சாங்க. 15 தான் வருது. டைல்ஸையும் தட்டினேன், கேட் பக்கம் நாலு டைல் பொக்கு. உள்பக்கம் நல்லா இருக்கு.

முதல்ல முக்காலி. அடுத்த மாசம் அம்பத்தூர் மேடை. டியூக்குக்கு பேடாக் ஸ்டாண்ட், அதை மேடை மேலயே போட்டுக்கலாம்னு பையன் சொல்றான். ஹைட்ராலிக்கை விட்டுட்டேன். ஆனா பெரம்பூர் மேடம் சொன்ன விரிசல் மண்டையில ஓடிட்டே இருக்கு. கிளாசிக்கை ஒரு நாள் பட்டறை அண்ணே கடை ராம்ப்ல ஏத்தி அடியில முழுசா பார்க்கணும். வாடகை எவ்வளவு அண்ணே?

அயனாவரம் பட்டறை
மார்ச் 6, காலை 6.40

செவ்வாய்க்கிழமை காலையில கூட்டம் இருக்காது, வாங்க. வாடகை எல்லாம் வேணாம், டீ வாங்கிக் கொடுங்க. மண்ணெண்ணெயும் துணியும் நீங்களே கொண்டு வாங்க.

நங்கநல்லூர் புல்லட்
ஏப்ரல் 19, மாலை 5.50

மேடை வந்து பத்து நாள் ஆச்சு. செயின் வேலை 40 நிமிஷம், ஸ்டூல்ல உட்கார்ந்து, ரேடியோ கேட்டுக்கிட்டு. தானாவே எழுந்துட்டேன், யாரும் கை கொடுக்கல. பட்டறை அண்ணே கடையில பார்த்ததுல விரிசல் இல்ல. மெயின் ஸ்டாண்ட் ஸ்பிரிங் ஒண்ணு மட்டும் அறுந்து போற நிலையில இருந்தது, 40 ரூபாயில முடிஞ்சது.

ஒரு குறை. பலகைக்கு அடியில கொக்கி ரெண்டு போட்டிருக்காங்க, நடுவுல இன்னொண்ணு இருந்தா நல்லா இருக்கும். வண்டி ஏறும்போது பலகை ஒரு சைடா முறுக்குது. அடுத்து யாராவது போடச் சொன்னா மூணு கேளுங்க.

படம் போடலாம்னு பார்த்தேன், இப்போ முடியாது. மேடையை முற்றத்துல வெயில்ல போட்டு, கழுவின வேட்டியை விரிச்சு, அது மேல அம்மா கூழ் வத்தல் பிழிஞ்சு வெச்சிருக்காங்க. குனியாம பிழிய முடியுதாம், உயரம் ரொம்பச் சரியா இருக்காம். ஞாயித்துக்கிழமை வரைக்கும் வண்டியை அந்தப் பக்கம் கொண்டு வரக் கூடாதுன்னு உத்தரவு. வத்தல் காய்ஞ்சதும் போடறேன்.